கனவான்களின் அழுகுணி ஆட்டம்

வினூ மன்கட்டின் பெயர் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. பந்து வீசப்படும் முன்பே கோட்டைவிட்டு நழுவுகிற மறுமுனை பேட்ஸ்மனை பௌலர் ரன் அவுட் செய்தால் 'மன்கட் செய்துவிட்டான்' என்கிறார்கள். சொல்கிற தொனியில் ஜேப்படி வாசனை அடிக்கிறது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில். முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 53க்கு 4 என்று அந்த வெற்றியை எடுத்துக் கொடுத்தவர் மன்கட். அதே ஆண்டு லார்ட்ஸில் 72, 184 என்று அடித்துவிட்டு அந்த ஒரே ஆட்டத்தில் 97 ஓவர்களும் வீசினார். 1956இல் மறுபடி சென்னையில், நியூஸிலாந்துக்கு எதிராக 231. பங்கஜ் ராயுடன் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்ற சாதனை அது. இவ்வளவும் செய்த ஒரு மனிதரிடமிருந்து கிரிக்கெட் அகராதி எடுத்து வைத்துக்கொண்டது ஒரு வசையை மட்டும்தான்.

விளையாட்டில் தர்மம் செத்துவிட்டது, 'ஆட்டத்தின் ஆன்மா' போய்விட்டது என்று நம் நண்பர்கள் சிலர் எழுதிவருகிற ஒப்பாரிகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த வினைச்சொல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். 1947 நவம்பரில் சிட்னியில் ஒரு பயண ஆட்டம். பில் பிரௌன் பந்துக்கு முன்னரே கோட்டைத் தாண்டிப் போகிறார். மன்கட் எச்சரிக்கிறார். பிரௌன் மறுபடி போகிறார். பெயிலைத் தட்டிவிடுகிறார் மன்கட். டிசம்பரில் அதே சிட்னியில் டெஸ்ட். பிரௌன் அங்கேயும் போகிறார். இம்முறை எச்சரிக்கை கிடையாது. 18 ரன்னில் அவுட். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. எதிரணிக் காப்டனாக இருந்த பிராட்மன் பிற்பாடு தன் சுயசரிதையில் மன்கட்டின் பக்கமே பேசினார். அவர் விதிப்படிதான் நடந்தார், கோட்டுக்குள் நிற்க வேண்டியது பேட்ஸ்மனின் பொறுப்பு என்ற ரீதியில். பிராட்மன் சொன்னது எடுபடவில்லை. வினைச்சொல் எடுபட்டது.

இதில் திருடியவர் யார்? ஒரு ரன் என்பது ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு ஓடுவது. அதில் ஒரு கஜத்தைச் சத்தமில்லாமல் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறவர் பேட்ஸ்மன். பௌலரின் முன்னங்கால் முழுதாக அதே கோட்டைத் தாண்டிவிட்டால் அம்பயர் உடனே கை நீட்டி நோபால் என்கிறார். ஒரு ரன் அபராதம். விழுந்த விக்கெட்டும் விக்கெட் இல்லை. எவரும் இதை ஆன்மாவுக்கு விரோதம் என்று சொன்னதில்லை. ஒரே கோடுதான். பௌலர் தாண்டினால் குற்றம். பேட்ஸ்மன் தாண்டினால் சாமர்த்தியம். தாண்டியதைச் சுட்டிக்காட்டினால் அயோக்கியத்தனம். இதற்கு எந்த நியாய சாஸ்திரத்தில் இடமிருக்கிறது? இடமிருக்கிறது. அது கிரிக்கெட்டின் சட்டப் புத்தகத்தில் இல்லை. கிரிக்கெட்டின் சமூக சரித்திரத்தில் இருக்கிறது.

கிரிக்கெட்டின் சட்டங்கள் மேரில்போன் கிரிக்கெட் கிளப் என்ற தனியார் கிளப்பின் உடைமை. 1787இல் ஏற்பட்டது; 1998 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாதது. இந்த கிளப்தான் சட்டத்தை அச்சடிக்கிறது, திருத்துகிறது, காப்புரிமையும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆன்மா சமாசாரம் அந்தச் சட்டங்களுக்கு முகவுரையாக எழுத்தில் ஏறியது 2000இல்தான். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் காலின் கௌட்ரி. மகனின் பெயரின் முதலெழுத்துகள் எம்.சி.சி. என்று வரும்படி தகப்பனார் பெயர் வைத்த மனிதர். அதுவரையில் இரண்டு நூற்றாண்டு காலம் ஆன்மா ஓர் எழுதாக் கிளவி. எழுதாக் கிளவி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓதத் தகுதியுள்ளவர்கள் சிலர் இருப்பார்கள். கேட்கக் கூடாதவர்கள் பலர் இருப்பார்கள். தகராறு வந்தால் பொருள் சொல்லும் அதிகாரம் முதல் வகையினருக்கே.

தகுதி எப்படிப் பிரிந்தது என்பதும் தெரிந்ததே. 1962 வரை இங்கிலாந்தின் உள்நாட்டு கிரிக்கெட்டில் 'கனவான்கள்', 'ஆட்டக்காரர்கள்' என்று இரண்டு ஜாதி. சம்பளம் வாங்காதவன் கனவான், வாங்குகிறவன் ஆட்டக்காரன். பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, உள்ளே வருகிற வாசல் வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆட்டக்காரனுக்குப் பின்னால். 1950இல் லார்ட்ஸில் ஃப்ரெட் டிட்மஸ் என்ற பையனின் இனிஷியல் தவறி முன்னால் அச்சாகிவிட, ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தார்கள். (இந்தக் கணக்கில் தமிழர்கள் அத்தனை பேரும் பிறவிக் கனவான்கள், லார்ட்ஸுக்கு இது தெரியாது.)

கனவான்களில் தலையாய கனவான் டபிள்யூ.ஜி. கிரேஸ். பெயருக்குச் சம்பளம் வாங்காதவர். ஆனால் செலவுப் பணம், நன்கொடை என்று எந்தத் தொழில்முறைக்காரனும் கனவு காணமுடியாத தொகைகளைப் பார்த்தவர். 1882இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் சாமி ஜோன்ஸ் என்ற இளைஞர் ஓட்டத்தை முடித்துவிட்டு, பந்து அடங்கிவிட்டது என்ற நம்பிக்கையில், தரையைத் தட்டிச் சமன்செய்யக் கோட்டைவிட்டு வெளியே வந்தார். கிரேஸ் பெயிலைத் தட்டிவிட்டு அப்பீல் செய்தார். அவுட். கொதித்துப்போன ஸ்பாஃபொர்த் பந்தை எடுத்து இங்கிலாந்தை 77க்குச் சுருட்டினார்; 7 ரன்னில் தோல்வி. அந்தத் தோல்விக்கு ஒரு பத்திரிகை எழுதிய கேலி இரங்கலிலிருந்துதான் 'ஆஷஸ்' வந்தது. கனவான்களின் மகா பாரம்பரியத்துக்கு ஊற்றுக்கண்ணே ஒரு கனவானின் கைவரிசை. ஆனால் 'கிரேஸ் செய்தான்' என்று யாரும் சொல்வதில்லை. லார்ட்ஸில் அவர் பெயரில் வாசற்கதவு இருக்கிறது.

ஹரால்ட் லார்வுட்டின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாட்டிங்காம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் பதினாலு வயதில் வேலைக்குப் போனவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். காப்டன் டக்ளஸ் ஜார்டீன் பம்பாயில் பிறந்து, வின்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த கனவான். 1932-33இல் ஆஸ்திரேலியாவில், பிராட்மனை அடக்குவதற்காக, பேட்ஸ்மனின் உடம்பைக் குறிவைத்து வீசி லெக் பக்கத்தில் ஆட்களைக் குவிக்கும் திட்டத்தை ஜார்டீன் நிறைவேற்றினார். அன்றைய சட்டத்தில் இதற்குத் தடையில்லை. அடிலெய்டில் வுட்ஃபுல்லின் மார்பில் பந்து அடித்தது. ஓல்ட்ஃபீல்டின் மண்டை எலும்பு உடைந்தது. ஆஸ்திரேலிய வாரியம் லண்டனுக்குத் தந்தி கொடுத்தது: இது விளையாட்டுக் கண்ணியத்துக்குப் புறம்பானது என்று. எம்.சி.சி.க்கு வலித்தது உடைந்த எலும்பு அல்ல, இந்தச் சொல். கண்ணியத்தின் ஏகபோக வியாபாரியிடமே கண்ணியமில்லை என்பதா? வேண்டுமானால் பயணத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று பதில் போயிற்று. ஆஸ்திரேலியர்கள் சொல்லை விழுங்கினார்கள். இங்கிலாந்து 4-1 என்று தொடரை வென்றது. லார்வுட்டுக்கு 33 விக்கெட்.

பிறகு பரிகாரம் தேட வேண்டிய காலம் வந்தபோது என்ன நடந்தது? ஜார்டீன் அடுத்த குளிர்காலத்தில் இந்தியாவுக்கு அணியை அழைத்து வந்தார்; 1934 பிப்ரவரியில் சென்னையிலும் ஆடினார். லார்வுட்டை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காப்டன் சொன்னபடி வீசினேன், எதற்கு மன்னிப்பு என்று மறுத்துவிட்டார். அதன்பின் இங்கிலாந்துக்கு அவர் ஆடவேயில்லை. பிளாக்பூலில் மிட்டாய்க் கடை வைத்துப் பிழைத்தார். 1950இல் ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்தார். யாருடைய விலா எலும்பைக் குறிவைத்தாரோ அந்த ஜனங்கள் அவரை அண்டைவீட்டுக்காரராக ஏற்றுக்கொண்டார்கள். கட்டளை கனவானுடையது, மன்னிப்பு மட்டும் கூலிக்காரன் கேட்க வேண்டியது. எழுதாத விதியின் இயல்பே இதுதான்: அது மேலிருந்து கீழே மட்டும் பாயும்.

நான் வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். விதி என்றால் மூச்சுமுட்டும் சமாசாரம் என்று கவிஞர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முட்டத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்று பார்த்திருக்கிறேன். நகைக்கடனுக்குக் கிராமுக்கு இவ்வளவு என்று சுவரில் ஒட்டியிருந்தால், ஊரில் யாரையும் தெரியாத கிழவிக்கும் அந்தத் தொகை கிடைக்கிறது. 'விதியெல்லாம் இருக்கட்டும் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று ஆரம்பிக்கிறவர் எப்போதும் மானேஜர் அறையில் காபி குடித்துவிட்டு வெளியே வருகிறவர். கிழவி 'பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்டால் சுவரைக் காட்டுவார்கள்.

சபையில் பாஞ்சாலி கேட்டதும் சட்டப் பிரச்னைதான். தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? ஆட்டத்தின் விதி பற்றிய துல்லியமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்றார். அவ்வளவு பெரியவர்கள் நிறைந்த சபையில் ஒரு பெண் விதியைப் பேசினாள், பெரியவர்கள் ஆன்மாவைப் பேசினார்கள். துச்சாதனனின் கை புடவையில் இருந்தது. நம்முடைய இலக்கிய விமர்சனத்திலும் ஒருவர் 'கவிதையின் ஆன்மா' என்று தொடங்கினால் நான் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். எந்த வரி, எந்தச் சொல், ஏன் சரியில்லை என்று சொல்லமுடியாதபோதுதான் அந்த வார்த்தை வருகிறது.

ஹாலந்துக்காரர் ஹுய்ஸிங்கா 1938இல் விளையாட்டைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு நல்ல பாகுபாடு உண்டு. ஏமாற்றி ஆடுகிறவன் ஒருவன்; ஆட்டத்தைக் கெடுக்கிறவன் இன்னொருவன். ஏமாற்றுகிறவன் விதியை மதிப்பதுபோல் பாவனை செய்கிறான். ஆகையால் ஆட்டத்தின் மாய வட்டம் குலைவதில்லை. கெடுக்கிறவன் வட்டத்தையே உடைத்துவிடுகிறான். சமூகம் முன்னவனை மன்னித்துவிடும், பின்னவனை மன்னிக்காது என்கிறார். 1977 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஜான் லீவரிடம் வாஸலின் தடவிய துணிப்பட்டை அகப்பட்டது. கண்ணில் வியர்வை வழியாமலிருக்க நெற்றியில் ஒட்டிக்கொண்டது என்று விளக்கம். இங்கிலாந்து வாரியம் ஏற்றுக்கொண்டது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். எனக்கு முக்கியம் வேறொன்று: வாயைத் திறந்து புகார் சொன்ன பிஷன் பேடிதான் அநாகரிகக்காரர் ஆனார். அவ்வாண்டோடு நார்தாம்ப்டன்ஷயருடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது; இரண்டுக்கும் தொடர்புண்டு என்றே பேடி கருதினார். மன்கட்டின் பாவமும் அதே வகை. எல்லோரும் ஒரு கஜம் திருடுவதும் யாரும் பார்க்காததுபோல் இருப்பதும் ஒரு மரியாதையான ஏற்பாடு. அவர் பார்த்துவிட்டார்.

தமிழில் குழந்தைகள் இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறார்கள்: அழுகுணி. கள்ளத்தனம் செய்கிறவனும் அழுகுணி. தோற்றதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனும் அழுகுணி. ஏமாற்றுகிறவனைத் திருடன் என்று சொல்லாமல் அழுகிறவன் என்று சொல்வதில் ஒரு ஞானம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோல்வியைத் தாங்கமுடியாதவன் என்பதுதான் அவன் குற்றம். இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால், கோட்டுக்கு வெளியே பிடிபட்டு மட்டையை வீசிவிட்டு ஆன்மாவைக் கூப்பிடுகிற பேட்ஸ்மன் யார் என்று தெருப் பையன் சொல்லிவிடுவான்.

இதற்கு உருப்படியான ஒரே ஆட்சேபம் 1981. பிப்ரவரி 1, மெல்போர்ன். கடைசிப் பந்து, ஆட்டத்தைச் சமன்செய்ய நியூஸிலாந்துக்கு 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் காப்டன் கிரெக் சாப்பல் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். உருட்டினார். மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு மட்டையை வீசினார். நியூஸிலாந்தின் பிரதமர் முல்டூன் இது கோழைத்தனம் என்று கண்டித்தார். அதுவும் விதிக்கு உட்பட்டதுதானே, அதை எப்படி ஏற்பாய் என்று கேட்கிறார்கள்.

ஏற்கமாட்டேன். மன்கட்டும் சாப்பலும் விதிக்குள் நின்றவர்கள். ஆனால் செய்த காரியங்கள் எதிரெதிரானவை. கடைசிப் பந்தில் ஒரு கேள்வி இருந்தது: இவனால் சிக்ஸர் அடிக்கமுடியுமா? அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும்படி சாப்பல் பார்த்துக்கொண்டார். மன்கட் இல்லாமற்போன கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தார்: இந்த ஓட்டத்தை முழுசாக ஓடி முடிக்க உன்னால் முடியுமா? போட்டியைக் கொல்வதும் போட்டியைக் காப்பதும் ஒன்றில்லை. மேலும் ஒன்று. உருட்டுப் பந்துக்கு முடிவு வந்தது உபதேசத்தால் இல்லை. கூடாது என்று எழுதி வைத்ததால்தான். (மெக்கெக்னி பாவம் என்று ரொம்பவும் உருக வேண்டாம். 1978இல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிரான ரக்பி ஆட்டத்தில், சக ஆட்டக்காரர் ஹேடன் யாரோ தள்ளிவிட்டதுபோல் வரிசையிலிருந்து பாய்ந்து விழுந்த கையோடு கிடைத்த பெனால்டியை உதைத்து ஒரு புள்ளியில் ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான். வேறொரு தவறுக்காகக் கொடுத்தேன் என்றார் நடுவர்.)

எழுதாத நெறியில் அழகே கிடையாது என்று சொல்ல வரவில்லை. டிரினிடாட்காரர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் 1963 புத்தகத்தில் சொல்கிறார்: வகுப்பறையில் கூசாமல் பொய் சொல்லிக் காப்பியடித்த கறுப்புப் பையன்கள், அதே பள்ளிக்கூடத்து மைதானத்தில் அம்பயரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஏகாதிபத்தியம் கொடுத்த நெறியைத் தங்களுடையதாக்கி அதைவிட உயர்ந்து நின்றவர்கள் அவர்கள். 1980இல் பம்பாயில் விஸ்வநாத் செய்ததும் அந்த ஜாதி. இங்கிலாந்து 58க்கு 5 என்று தவித்து, பிறகு பாப் டெய்லர் போத்தமுடன் கால் ஊன்றிக்கொண்டிருந்தபோது, டெய்லர் கீப்பர் கேட்ச் என்று அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று காப்டன் விஸ்வநாத்துக்குத் தெரியும், திரும்பக் கூப்பிட்டார். இருவரும் சேர்த்தது 171. இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அதோடு அவருடைய காப்டன் உத்தியோகமும் தீர்ந்தது.

அந்தச் செய்கையை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால் விஸ்வநாத் ஆன்மாவைக் காப்பாற்றப் புறப்படவில்லை. உண்மை ஒன்று தெரிந்திருந்தது, அதை மறைக்க அவருக்கு முடியவில்லை. அது கொடை. ஒருவன் தானாகக் கொடுக்கும்போது கொடை. எதிராளி கையை நீட்டி 'கொடு, இல்லாவிட்டால் நீ அயோக்கியன்' என்னும்போது அதற்கு வேறு பெயர். சடுகுடுவில் மூச்சு விட்டது பாடிப்போகிறவனுக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. அங்கே விதி நுழையமுடியாது, அவனாகச் சொன்னால்தான். அந்த இடத்தை அவனுக்கே விட்டுவிடுவோம். கோடு அப்படிப்பட்ட இடமில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி சுண்ணாம்பில் போட்டிருக்கிறது.

2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலியாவின் பான்க்ராஃப்ட் உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் ஒளித்து மாட்டிக்கொண்டார். முதலில் பிசின் நாடா என்று பொய். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு, பான்க்ராஃப்டுக்கு ஒன்பது மாதம் தடை விதித்தது அவர்கள் வாரியம். ஒளித்துச் செய்த, பொய்யால் மூடிய, அசல் ஏமாற்று அது. ஸ்மித் அழுதார், உலகம் உருகியது. 2021இல் ஒரு டெஸ்டுக்குத் தலைமையும் தாங்கினார். தண்டனை முடிந்தால் மனிதன் திரும்பலாம், அது சரிதான். மன்கட்டுக்கு மட்டும் எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லையே, எப்போது முடியும்?

நம் கைகளும் சுத்தமில்லை என்பதால் இதையும் சொல்லவேண்டும். அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர் பந்தயம் கட்டியது நிரூபணமாகி, 2015இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இரண்டாண்டு தடை விதித்தார்கள். 2018இல் மஞ்சள் சட்டைகள் திரும்பி வந்து கோப்பையை வென்றன. ஊரே விசில் அடித்தது. தடையைத் தியாகமாக்கிக் கொண்டாடியவர்களில் பலர், அடுத்த ஆண்டே அஸ்வினுக்குத் தர்மோபதேசம் செய்ததைப் பார்த்தேன். கிரிக்கெட்டின் பணமும் அதிகாரமும் இன்று லண்டனில் இல்லை, மும்பையில் இருக்கின்றன. நாமே புதிய கனவான்களாகி, நம்முடைய எழுதாக் கிளவியைச் சின்ன நாடுகளுக்கு ஓத ஆரம்பிக்கும் நாள் வந்தால், வந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன், அதற்கும் இதே பதில்தான்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். அஸ்வின் ஜாஸ் பட்லரை மறுமுனையில் ரன் அவுட் செய்தார். பட்லர் 2014இலேயே எட்ஜ்பாஸ்டனில், எச்சரிக்கப்பட்ட பிறகு, இலங்கையின் சேனநாயகேவிடம் இதேபோல் அவுட்டானவர். எம்.சி.சி. முதலில் விதிக்கு உட்பட்டதே என்றது. அப்புறம் படத்தைத் திரும்பப் பார்த்து, அஸ்வின் அதிகம் தாமதித்தார், ஆன்மாவுக்கு ஒவ்வாது என்றது. அஸ்வின் மன்னிப்புக் கேட்கவில்லை. விதியைப் படித்துவிட்டு வந்த சென்னைப் பையனிடம் சூட்சுமம் பலிக்கவில்லை. 2022இல் அதே எம்.சி.சி. இந்த வகை அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் சட்டத்திலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' என்ற 38ஆம் சட்டத்தில் வைத்தது. எழுபத்தைந்து ஆண்டு கழித்து மன்கட் அத்தியாயம் மாறினார்.

அந்த மாற்றம் அமலுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 24இல், லார்ட்ஸிலேயே தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை அவ்விதம் அவுட்டாக்கி இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அந்த இன்னிங்ஸில் டீன் எத்தனை முறை முன்கூட்டிக் கோட்டைவிட்டார் என்று ஒரு பத்திரிகையாளர் ஒளிப்பதிவைப் பார்த்து எண்ணினார். எழுபதுக்கு மேல் வந்தது. எச்சரிக்கை அவசியம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும் தீப்தி, நாங்கள் முன்பே எச்சரித்தோம் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஹெதர் நைட் அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை என்று மறுக்க, ஒரு வாரம் அதிலேயே போயிற்று. இனிமேல் கோட்டுக்குள்ளேயே நின்றுகொள்கிறேன் என்ற மாதிரி சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனார் டீன். இந்த விவகாரத்தில் புத்தியோடு பேசியவர் அந்தப் பெண் ஒருத்திதான்.